சும்மாட்டுக்குக் கீழே எடை போகும் வழி

சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் மீன் கூடையைத் தலையில் ஏற்றுமுன் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைப்பார்கள். எடை ஒரே புள்ளியில் குத்தாமல் உச்சந்தலையில் வட்டமாகப் பரவும். அதற்குக் கீழே எடை இறங்கும் பாதையில் கழுத்தை விட இடுப்புதான் முதலில் பழுதாகிறது. அதுவும் பெரும்பாலும் கூடை தலைக்கு ஏறுவதற்கு முன்பே.

மண்டையோட்டில் 22 எலும்புகள்: மூளையைச் சுற்றி 8, முகத்தில் 14. கீழ்த்தாடை தவிர மற்றவை ரம்பப் பல்லைப் போல ஒன்றுக்குள் ஒன்று கோத்து அசையாமல் நிற்கும். கைக்குழந்தைக்கு இவை சேர்ந்திருக்காது. உச்சிக்குழி துடிப்பது அதனால்தான். கூரை எலும்பு இரண்டு கெட்டித் தகடு, நடுவில் பஞ்சு போன்ற எலும்பு. மேலிருந்து வரும் அழுத்தத்தை அந்த வளைவு நாலாபக்கமும் பிரித்துவிடும். நெற்றிப்பொட்டில் மட்டும் எலும்பு மெலிசு, உள்பக்கம் ஒட்டினாற்போல் ரத்தக்குழாய். அங்கே அடிபட்டவர் எழுந்து நன்றாகப் பேசிவிட்டுச் சில மணி நேரம் கழித்து மயங்கினால், குழாய் கிழிந்து உள்ளே ரத்தம் தேங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். 'எனக்கு ஒண்ணுமில்ல' என்று அவர் சொல்வதை நம்பி வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

மண்டையின் அடியில் இரண்டு சிறு மேடுகள். முழு எடையும் அவை வழியாக முதல் கழுத்தெலும்பில் இறங்குகிறது. அது வெறும் வளையம். இரண்டாவது எலும்பின் முளை அந்த வளையத்துக்குள் அச்சாணியாக நிற்கிறது. 'ஆமாம்' என்று தலையாட்டுவது மேல் மூட்டில், 'இல்லை' என்று திருப்புவது பெரும்பாலும் கீழ் மூட்டில். மற்ற முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் டிஸ்க் இந்த இரண்டு இடத்திலும் கிடையாது. தலையே ஏறக்குறைய 5 கிலோ, அதன் எடைமையம் இந்த மூட்டுக்குச் சற்று முன்னால் விழுகிறது. பஸ்ஸில் தூங்கினால் தலை முன்னே சாய்வது பிடரித் தசை பிடியை விடுவதால்தான். கூடை நேராக இருந்தால் பிடரிக்குக் கூடுதல் வேலை அதிகமில்லை. ஆனால் வருடக்கணக்கில் சுமந்தால் கழுத்து டிஸ்க் தேயும்.

முதுகெலும்புகள் கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5. கீழே போகப் போக எலும்பு பெரிதாகிறது, சுமை கூடுவதால். அதற்கும் கீழே ஒன்றாய் ஒட்டிய 5, கடைசியில் வால் எலும்பு.

இடுப்பைப் பழுதாக்குவது, சுமையைக் கீழிருந்து எடுக்கக் குனிவது. 20 கிலோ ஐஸ் பெட்டி முதுகெலும்பிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். அதை இழுத்துப் பிடிக்கும் முதுகுத் தசை எலும்புக்குப் பின்னால் 5 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. 20 × 40 ÷ 5: தசை 160 கிலோ விசையில் இழுக்க வேண்டும். அந்த இழுப்பு முழுவதும் டிஸ்க்கை நசுக்கும். உடம்பின் எடை இதில் சேர்க்கப்படவில்லை. 'முட்டியை மடக்கித் தூக்கு' என்பார்கள். பெட்டி இரண்டு முட்டிக்கும் நடுவில் நுழையாத அகலமாக இருந்தால் அந்த 40 செ.மீ. குறையாது, பயனும் குறைவு. பெட்டியை வயிற்றோடு ஒட்டிப் பிடிப்பதும், இரண்டு பேர் சேர்ந்து ஏற்றுவதும்தான் கணக்கை மாற்றும்.

குனியும்போது டிஸ்க்கின் முன்பக்கம் நசுங்கி, நடுவிலுள்ள கூழ் பின்னால் தள்ளப்படும். இடுப்பில் பின்புறத் தசைநார் நடுவில் மட்டும் பலமாக, பக்கத்தில் ஒல்லியாக இருக்கும். கூழ் பெரும்பாலும் அந்தப் பக்கவாட்டில் பிதுங்கி நரம்பை அழுத்தும். 4ஆம், 5ஆம் இடுப்பெலும்புக்கு நடுவில் என்றால் கால் கட்டைவிரலைத் தூக்க முடியாது. அதற்கு அடுத்ததில் என்றால் நுனிக்காலில் நிற்க முடியாது. சிறுநீர் அடைத்து, உட்காரும் இடம் மரத்துப்போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நேரமும் ஒரு காரணம். படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்பும், பகலில் வற்றும். காலையில் நாம் ஒரு செ.மீ. உயரமாக இருப்பது அதனால். உப்பிய டிஸ்க்குக்குக் குனிவு அதிக இழுவை. ஏலத்துக்காக விடியுமுன் எழுந்து நேராகப் பெட்டி தூக்கப் போகிறவர்கள், முதல் ஒரு மணி நேரம் குனிந்து தூக்கும் வேலையைத் தள்ளிப்போட்டு, எடை போடுவது, ஐஸ் உடைப்பது மாதிரி நின்று செய்கிற வேலையை முன்னால் வைக்கலாம்.