விண்டோ: காற்றின் கண்

ஆங்கில அகராதியில் விண்ட், விண்டோ, வைன், விங், விண்டர் என்ற ஐந்து பெயர்ச்சொற்களும் கிட்டக்கிட்ட நிற்கும். காற்று, ஜன்னல், திராட்சை மது, சிறகு, குளிர்காலம். டேனிய அகராதியைப் புரட்டினாலும் அதே ஐந்து பொருளும் அக்கம்பக்கத்தில் கிடைக்கும். மது மட்டும் அங்கே முதலில் வந்துவிடும்.

அடுத்தடுத்து இருப்பதால் ஐந்தும் ஒரே வழியில் வந்தவை என்று நினைத்துவிடக் கூடாது. காற்றும் குளிர்காலமும் இரு மொழிக்கும் பொதுவான ஜெர்மானியப் பழஞ்சொற்கள். மதுவின் பெயர் இரண்டுக்கும் இலத்தீன் தந்தது. சிறகும் ஜன்னலும்தான் கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போனவை. 9ஆம் நூற்றாண்டில் டென்மார்க், நார்வே பக்கத்துக் கடலோடிகளான வைக்கிங்குகள் அந்நாட்டின் கிழக்கிலும் வடக்கிலும் குடியேறினார்கள். 1016இல் டென்மார்க்கின் கனூட் அங்கே அரசனாகவே ஆனான். பக்கத்து வீட்டில் குடியிருப்பவரின் பேச்சு நம் வாயில் ஒட்டிக்கொள்ளும் அல்லவா, அப்படி அவர்களுடைய வீட்டுச் சொற்களும் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டன.

அவற்றில் ஒன்று 'விண்டவ்கா'. அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் 'விண்ட்ர்' என்றால் காற்று, 'அவ்கா' என்றால் கண். காற்றின் கண்! அவர்களுடைய நீள வீட்டை நினைத்துப் பாருங்கள். நடுவில் அடுப்பு எரியும், புகை போகக் கூரையில் ஓட்டை இருக்கும், கண்ணாடி கிடையாது. அந்தத் திறப்புக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன பெயர் வைக்க முடியும்? அதற்கு முன் ஆங்கிலேயர் வைத்திருந்த சொல்லுக்கு 'கண் துளை' என்று பொருள். அங்கேயும் கண் இருந்தது, காற்று இல்லை. இன்றைய டேனிய மொழியில் கண்ணுக்கு 'ஓயெ' என்று பெயர். அதனால் 'விண்டுஎ' என்ற ஜன்னல் சொல்லுக்குள் கண் ஒளிந்திருப்பது டேனியர்களுக்கும் சட்டென்று தெரியாது.

சரி, தமிழுக்கு வருவோம். ஜன்னல் என்பது போர்த்துக்கீசிய 'ஜனேலா'. அதன் இலத்தீன் வேரைத் தேடிப் போனால் 'சிறு கதவு' என்று வரும். யாழ்ப்பாணத்தில் அதுவே யன்னல். நம்மிடம் பலகணி உண்டு, அதில் பல கண்கள். சாளரமும் உண்டு. ஆனால் விண்டோவுக்குச் சரியான இணை எது என்று கேட்டால் நான் தயங்காமல் காலதர் என்பேன். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி.

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரைச் சொல்லும்போது 'மான்கட் காலதர் மாளிகை இடங்களும்' என்று ஓர் அடி வருகிறது. மானின் கண் போன்ற காலதர்களை உடைய மாளிகைகள். வடகடல் ஓரத்தில் ஒரே சொல்லாகச் சேர்ந்த காற்றும் கண்ணும் காவிரி கடலில் கலக்கும் இடத்திலும் ஒரே தொடரில் கைகோத்து நிற்கின்றன. ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்ததல்ல, இரண்டு ஊர்க்காரர்களும் சுவரில் இருந்த திறப்பைத் தாங்களே உற்றுப் பார்த்து வைத்த பெயர்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

கணினித் திரையில் திறப்பதற்குச் சாளரம் என்ற சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டது, அது அப்படியே இருக்கட்டும். வீட்டுச் சுவரில் காற்றுக்காக நாம் திறந்துவைப்பதைக் காலதர் என்று எழுதலாம்.