தண்டவாளத்துக்கு அடியில் கிடப்பது சரளையா, சல்லியா?

ஈரோட்டில் தமிழ்வழியில் சிவில் டிப்ளமோ படிக்கும் என் அக்கா மகள் போன மாதம் போனில் ஒரு சந்தேகம் கேட்டாள். "மாமா, தண்டவாளத்துக்கு அடியில போடற பேலஸ்ட்டுக்குத் தமிழ்ல என்ன எழுதறது? ஒரு நோட்ஸ்ல சரளைக்கல்னு போட்டிருக்கு. இன்னொண்ணுல நிலைப்படுத்தும் சுமைன்னு இருக்கு. ரெண்டும் ஒண்ணுதானா?"

ஒன்றில்லை. என்னைக் கேட்டால் இரண்டுமே சரியும் இல்லை. அவளுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

பேலஸ்ட் என்பது கப்பல்காரர்களின் சொல். வட ஐரோப்பியக் கடற்கரை மொழிகளிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. பின்பாதியான 'லாஸ்ட்' என்றால் பாரம். முன்பாதிக்கு 'வெறும்' என்று பொருள் சொல்வார்கள். சரக்கு இல்லாத கப்பல் அலையில் கவிழ்ந்துவிடாமல் இருக்க அடித்தட்டில் மண்ணையும் கல்லையும் கொட்டிக்கொண்டு போவார்கள். விற்கவும் முடியாது, தின்னவும் முடியாது, எடைக்காக மட்டுமே ஏற்றிய வெறும்பாரம் அது.

அந்தச் சொல் ரயிலுக்கு வந்த கதை இது. இங்கிலாந்தின் வடக்கே டைன் ஆற்றுத் துறைகளுக்கு நிலக்கரி ஏற்றக் காலிக் கப்பல்கள் வரும். வந்ததும் அடிப்பாரக் கல்லைக் கரையில் கொட்டிவிட்டுக் கரியை ஏற்றிக்கொண்டு போகும். கரையில் அது மலைபோல் குவிந்தது. சுரங்கத்திலிருந்து துறைக்குக் கரி இழுத்துவந்த குதிரை வண்டிப் பாதைகளில், அடியில் குறுக்காகப் போட்ட கட்டைகளுக்கு நடுவே அந்தக் கல்லையே அள்ளிப் போட்டார்கள். கல் இடம் மாறியது, பெயர் மாறவில்லை. அதனால் 'நிலைப்படுத்தும் சுமை' என்ற மொழிபெயர்ப்பு கப்பலுக்குப் பொருந்தும். தண்டவாளத்தின் அடியில் கிடக்கும் கல்லின் வேலையை அது சொல்லவில்லை. (டியூப்லைட்டில் இருக்கும் பேலஸ்ட்டும் இதே சொல்தான். நம் ஊர் எலெக்ட்ரீஷியன்கள் அதைச் 'சோக்' என்று சொல்லிப் பழகிவிட்டதால் அந்தக் குழப்பம் நமக்கு வரவில்லை.)

சரி, சரளை? இங்கேதான் கொங்குநாட்டுக்காரர்கள் கொஞ்சம் உரிமையோடு பேசலாம். சரளை என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடப்பாரையை ஓங்கிப் போட்டால் 'ணங்' என்று திரும்பி வருகிற காடு சரளைக்காடு. மேலே ஒரு சாண் செம்மண், கீழே மண்ணோடு மண்ணாகக் கலந்து கிடக்கும் பொடிக்கல். மழை பெய்து இட்டேரி என்கிற வண்டித்தடம் சேறானால், வண்டி இறங்காமல் இருக்க நாலு கூடை கொட்டுவோமே, அதுதான் சரளை. லாரிக்காரர்கள் 'கிராவல்' என்பதும் இதைத்தான். இயற்கையாகக் கிடைப்பது, மண் கலந்தது, முனை மழுங்கியது. சங்கப் பாடல்களில் இப்படிப் பருக்கைக்கல் நிறைந்த மேட்டுநிலத்துக்கு 'முரம்பு' என்று பெயர்.

சல்லி வேறு. அது உடைத்தது. கண்ணாடி கீழே விழுந்தால் 'சல்லி சல்லியா நொறுங்கிப்போச்சு' என்கிறோம். மிகச் சிறிய நாணயம் சல்லிக்காசு. ஆணிவேர் இல்லாமல் கொத்தாகப் பிரியும் புல்லின் வேர் சல்லிவேர். சிறிதாக, பலவாகப் பிரிந்தது என்ற பொருள் இவை எல்லாவற்றிலும் ஓடுகிறது. 'ஜல்லி' என்று எழுதுவது அதே சொல்லின் இன்னொரு உருவம், சல்லிக்கட்டு ஜல்லிக்கட்டு ஆனதுபோல. கன்னடத்திலும் உடைத்த கல்லுக்கு ஜல்லி என்றே பெயர். திம்பம் மலையேறிக் கன்னடம் பேசும் தாளவாடிப் பக்கம் போனாலும் இந்தச் சொல்லை மாற்றிப் பேச வேண்டியதில்லை.

சரளைக்கும் சல்லிக்கும் உள்ள இந்த வேறுபாட்டில் ரயில்பாதையின் பாதுகாப்பே அடங்கியிருக்கிறது. நான் சொல்வதை நம்ப வேண்டாம், இரண்டு குவியலைப் பாருங்கள். களத்தில் கொள்ளுப் பயறைக் கொட்டினால் அகலமாகப் பரந்து ஓடும், ஏறி மிதித்தால் கால் உள்ளே போகும். கல் உடைக்கும் கிரஷர் வாசலில் இருக்கும் கருங்கல் சல்லிக் குவியல் அதைவிடச் செங்குத்தான சரிவோடு நிற்கும், ஏறினாலும் அவ்வளவாகச் சரியாது. ஒரு கல்லை எடுத்துப் பாருங்கள். ஏழெட்டு முகம், ஒவ்வொரு விளிம்பும் கையைக் கீறும் கூர்மை. ஒன்றின் மூலை இன்னொன்றின் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ரயில்வேயில் பாதையைப் பராமரிக்கும் கேங்மேனாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். அவரிடம் கேட்டபோது இரண்டே வரியில் சொன்னார்: "கல்லு கல்லைப் புடிக்கோணுமுங்க. சரளையப் போட்டா உருண்டு போயிருமுங்க."

நம் ரயில்வே கேட்பதும் இந்தக் கல்லைத்தான். இயந்திரத்தில் உடைத்த, 65 மில்லிமீட்டருக்கும் 20 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட கல். கட்டடக்காரர் பேச்சில் சொன்னால் இரண்டரை இஞ்சிலிருந்து முக்கால் ஜல்லி வரை. எல்லாம் ஒரே அளவாக இருந்தால் இடைவெளி நிறைய விழும், பிடிப்பு குறையும். பொடி கலந்தால் தண்ணீர் இறங்காது. அதனால்தான் பெரிதும் சிறிதுமாகக் கலந்து, பொடியை மட்டும் விலக்குகிறார்கள். கல்லை இரும்புக் குண்டுகளோடு ஓர் உருளையில் போட்டுச் சுற்றி, எவ்வளவு தேய்ந்து தூளாகிறது என்றும் பார்ப்பார்கள். சுண்ணாம்புக்கல் மாதிரி மிருதுவான கல் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இனி அந்தக் கல் செய்யும் வேலை. சரக்கு வண்டியின் ஓர் அச்சு 20 டன்னுக்கும் மேலே சுமக்கும். அந்தப் பாரம் இரண்டு சக்கரங்களும் தண்டவாளத்தைத் தொடுகிற, ஒவ்வொன்றும் கட்டைவிரல் நக அளவே உள்ள இடங்களில் இறங்குகிறது. அங்கிருந்து காங்கிரீட் சிலீப்பர் கட்டைக்கு, கட்டையிலிருந்து சல்லிக்கு, சல்லியிலிருந்து, பாதைக்காக மண்ணைக் கொட்டி உயர்த்திய கரைக்கு. கட்டைக்கு அடியில் குறைந்தது 300 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சல்லி இருக்க வேண்டும் என்பது முக்கியப் பாதைகளின் கணக்கு. ஒரு கல்லின் மேல் விழும் பாரத்தைக் கீழே இருக்கும் இரண்டு மூன்று கற்கள் பங்கு போட்டுக்கொள்ள, அவை இன்னும் கீழே பங்கு போட, மண்ணைத் தொடும்போது அழுத்தம் மண் தாங்கும் அளவுக்கு இறங்கியிருக்கும். பெருமழை பெய்தாலும் தண்ணீர் இந்த இடுக்குகள் வழியே வடிந்துவிடும். பாதை ஓரிடத்தில் இறங்கினால் கட்டையைத் தூக்கி அடியில் கல்லை இடித்துச் செருகி மட்டம் பிடிக்கலாம். முன்பு ஆட்கள் வரிசையாக நின்று பீட்டர் என்ற இரும்புக் கருவியால் செய்த அந்த வேலையை இப்போது பெரும்பாலும் டேம்பிங் இயந்திரம் செய்கிறது.

கட்டைக்கு அடியில் இருக்கும் கல்லைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். கட்டையின் இரண்டு முனைகளுக்கும் வெளியே குவித்திருக்கிறார்களே, அதை யாரும் கவனிப்பதில்லை. நம் ஊர் வெயிலுக்கு அதுதான் உயிர்நாடி. தண்டவாளம் இப்போது நீள நீளமாகப் பற்றவைக்கப்படுகிறது. 1 கிலோமீட்டர் நீளத்துக்கு 30 டிகிரி சூடு ஏறினால், தடையில்லாமல் விட்டால் எஃகு சுமார் 35 சென்டிமீட்டர் நீளும். ஆனால் நீள விடாமல் கட்டைகளும் கல்லும் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அந்த விசை உள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. எங்காவது ஓரக்கல் குறைந்திருந்தால், பங்குனி சித்திரை மதியத்தில் பாதை அந்த இடத்தில் பாம்புபோல் நெளிந்து பக்கவாட்டில் தள்ளிவிடும். வண்டி தடம்புரள அது போதும். அதற்காகவே கட்டை முனைக்கு வெளியே 350 மில்லிமீட்டராவது கல் நிற்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். வளைவின் வெளிப்புறத்தில் இன்னும் அதிகம்.

இந்த ஓரக்கல்லை ஆங்கிலத்தில் தோள் என்கிறார்கள். 'சல்லித் தோள்' என்று எழுதினால் யாருக்கும் புரியப்போவதில்லை. ஈரோட்டுப் பக்கம் மஞ்சளுக்கு என்ன செய்கிறோம்? செடி சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் மண் அணைக்கிறோம். கரும்புக்கும் அப்படித்தான். கட்டை நகராமல் இருக்கக் கல்லை அணைப்பதும் அதே வேலை. ஆகவே 'சல்லி அணைப்பு' என்றே எழுதலாம் என்று அக்கா மகளிடம் சொன்னேன். அவள் அப்பா மஞ்சள் விவசாயி. படம் போட்டுக் காட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அப்புறம், சல்லி கெட்டுப்போகும் விதம். ஒவ்வொரு வண்டி போகும்போதும் கற்கள் ஒன்றோடொன்று உரசும், மூலைகள் மழுங்கும், தூள் இடுக்கில் இறங்கும். கீழிருந்து மண்ணும் மேலேறும், குறிப்பாகப் பருத்தி விளைந்த கருமண் பூமியில். கருமண் மழைக்கு ஊதும், வெயிலுக்குக் கை நுழையும் அளவு வெடிக்கும். ஈரமாக இருக்கும்போது மேலே பாரம் ஏறி இறங்கினால், துருத்தி அமுக்கியதுபோல் சேறு கல்லிடுக்கு வழியே பிதுங்கிக்கொண்டு வரும். கேட் மூடி நிற்கும்போது பார்த்திருப்பீர்கள்: சாம்பல்நிறக் கல்லுக்கு நடுவே நாலைந்து கட்டை நீளத்துக்கு மட்டும் வெள்ளையாகவோ பழுப்பாகவோ காய்ந்த சேறு படிந்திருக்கும். அங்கே கட்டை ஒவ்வொரு சக்கரத்துக்கும் துள்ளுகிறது என்று பொருள். அந்தக் கல்லை அள்ளிச் சலித்து, பொடியை வெளியே தள்ளி, நல்ல கல்லை மட்டும் திரும்பப் போட வேண்டும். அதற்கென்றே தண்டவாளத்தின் மேலேயே ஓடும் பெரிய சல்லடை இயந்திரங்கள் இருக்கின்றன.

சேறு ஏறாமல் தடுக்க நல்ல வழி, கரைக்கும் சல்லிக்கும் நடுவே ஒரு படுகை போடுவது. நொய்யும் பருக்கையும் சரியான விகிதத்தில் கலந்த, அழுத்தினால் கெட்டிப்படும் மண் அதற்கு வேண்டும். பார்த்தீர்களா, சரளைக்கு இங்கே இடம் வந்துவிட்டது. மேலே போட்டால் கெடுக்கும், கீழே போட்டால் காக்கும். இதற்கு 'முரம்புப் படுகை' என்ற பெயரை நான் சொல்வேன். 'போர்வை அடுக்கு' என்று எழுதியிருப்பதையும் பார்த்தேன், அது ஆங்கிலத்தின் 'பிளாங்கெட்'டை அப்படியே போர்த்தியதுபோல் இருக்கிறது.

கரை சரியில்லாமல் மேலே எவ்வளவு நல்ல கல் போட்டும் பயன் இல்லை. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாதை அரிபட்டு, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் இறங்கியதை இன்றும் பேசுகிறோம். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டது அந்த விபத்துக்குப் பிறகுதான். நம் பக்கத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இல் போட்ட மலைப்பாதையும் ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்சரிவால் அடிக்கடி நிறுத்தப்படுகிறது.

இன்று ஆராய்ச்சி போகும் திசையும் அடிப்பகுதியை நோக்கித்தான். சல்லிக்கு அடியில் பாலிமர் வலை விரித்தால் கற்கள் அதன் கண்களில் மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் பரவாமல் நிற்கின்றன. ஆஸ்திரேலியாவில் புத்திம இந்திரரத்ன என்ற பேராசிரியரின் குழு, பழைய டயர் ரப்பரைப் பாதையின் அடியில் பயன்படுத்திச் சோதித்து வருகிறது. ரப்பர் அதிர்வை உள்வாங்கிக்கொள்வதால் கல் உடைவது குறைகிறது. கரையின் சரிவைக் காக்கப் பொள்ளாச்சியில் முறுக்கும் தென்னைநார்க் கயிற்றில் நெய்த விரிப்பு போதும். சில ஆண்டுகளில் அது மக்கிப்போகும், அதற்குள் புல் வேர்விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் புல்லின் வேரும் சல்லிவேர்தான்.

அக்கா மகள் தன் நோட்டில் குறுக்குவெட்டுப் படம் வரைந்து அனுப்பினாள். கீழே கரை, அதன்மேல் முரம்புப் படுகை, அதன்மேல் சல்லிப் படுகை, இரண்டு பக்கமும் சல்லி அணைப்பு, மேலே கட்டையும் தண்டவாளமும். பேலஸ்ட் என்று தனிக்கல்லைக் குறிக்கும் இடத்தில் 'சல்லி' என்றும், அடுக்கைக் குறிக்கும் இடத்தில் 'சல்லிப் படுகை' என்றும் பிரித்து எழுதியிருந்தாள். நான் திருத்தியது ஒன்றுதான். சல்லியை அவள் பொட்டுப் பொட்டாக உருண்டையாகப் போட்டிருந்தாள். மூலை வைத்து வரையச் சொன்னேன்.