ஐந்து ராஜாக்களும் ஒரு எல்.இ.டி. சுவரும்

போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார். அவர் பையன் 'ஓசாமா சென்டாய் கிங்-ஓஜர்' என்ற ஜப்பானியத் தொடரை விடாமல் பார்க்கிறானாம். கூட உட்கார்ந்து பார்த்த அம்மாவுக்கு ஒரு சந்தேகம். நாயகன் நிற்கிறான், அவன் பின்னால் கோட்டை, கோபுரம், அதற்கும் பின்னால் மலை. கேமரா பக்கவாட்டில் நகர்ந்தால் கோபுரம் ஒரு விதமாகவும் மலை வேறு விதமாகவும் நகர்கின்றன. இவ்வளவு பெரிய செட்டா போட்டார்கள், இல்லை பச்சைத் திரை போட்டுப் பிறகு ஒட்டினார்களா?

செட்டும் உண்டு, பச்சைத் திரையும் உண்டு. ஆனால் அவர் சொல்வதை வைத்துப் பார்த்தால், அவர் கண்ணை உறுத்தியது மூன்றாவது ஒன்று. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் தொடர். 'சூப்பர் சென்டாய்' என்பது தோயே நிறுவனம் 1975 முதல் எடுத்துவந்த வரிசை. பல வண்ண உடையில் ஒரு குழு, அரக்கர்கள், கடைசியில் ஒன்றுசேரும் ராட்சத இயந்திரம். 1993-இல் அமெரிக்காவில் தொடங்கிய பவர் ரேஞ்சர்ஸ் இதன் சண்டைக் காட்சிகளை எடுத்துக்கொண்டுதான் உருவானது. வழக்கமான சென்டாய் இன்றைய ஜப்பானில் நடக்கும். தெரு, பூங்கா, பள்ளிக்கூடம், அப்புறம் சண்டைக்கு ஒரு கல்குவாரி. டோச்சிகி மாநிலத்து இவாஃபுனே மலையில் வெடித்த வெடிகளைப் பார்க்காத சென்டாய் ரசிகர் இருக்க முடியாது.

47-ஆவது தொடரான கிங்-ஓஜர் இந்த வழக்கத்தை அடியோடு மாற்றியது. 2023 மார்ச் 5 முதல் 2024 பிப்ரவரி 25 வரை, ஞாயிறு காலைகளில் 50 பாகங்கள். கதை நடப்பது நம் பூமியிலேயே அல்ல, 'சிக்யூ' என்ற வேறொரு கிரகத்தில். அங்கே ஐந்து நாடுகள். குழுவின் ஐந்து பேரும் ஆளுக்கொரு நாட்டின் ஆட்சியாளர் ஆகிறார்கள். தொழில்நுட்ப நாட்டுத் தலைவர், மருத்துவம் தெரிந்த ராணி, பனிநாட்டை ஆள்கிற தலைமை நீதிபதி, வயல்நாட்டுப் பிரபு. சிவப்பு வீரன் கிரா மட்டும் அநாதை இல்லத்தில் வளர்ந்தவன். மக்களைப் பொருட்படுத்தாத தன் நாட்டு மன்னனை எதிர்த்து நின்று, 'நான்தான் தீய ராஜா' என்று அவனே அறிவித்துக்கொண்டு, முதல் பாகத்திலேயே தேசத்துரோகி ஆகிவிடுகிறான். மற்ற நால்வரும் அவனுக்கு உடனே கைகொடுப்பதில்லை. அவரவருக்கு அவரவர் நாட்டு நலன். குழந்தைகளுக்கான தொடரில் இவ்வளவு அரசியலை வைத்து, கதை நடுவில் இரண்டு ஆண்டுகளைத் தாண்டிக் குதித்து, அதையும் சிதறாமல் கொண்டுபோயிருக்கிறார்கள். நான் பார்த்த சென்டாய்களில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

ஆனால் இந்தக் கதைக்கு ஒரு சிக்கல் உண்டு. மின்கம்பமும் தானியங்கி விற்பனைப் பெட்டியும் தெரியும் தெருவில் சிக்யூவைப் படம்பிடிக்க முடியாது. ஐந்து நாடுகளுக்கும் செட் போடுவது வாராந்தரத் தொடரின் பணத்துக்குக் கட்டுப்படியாகாது. சரி, பச்சைத் திரை? நடிகருக்குப் பின்னால் பச்சைத் துணி கட்டி, பச்சையை மட்டும் நீக்கி வேறு படத்தை வைப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். சென்டாய் உடைக்கு அது தலைவலி. ஒரு எவர்சில்வர் சொம்பை மேஜையில் வைத்து அதன் விளிம்பை உற்றுப் பாருங்கள். சொம்புக்குப் பின்னால் இருக்கும் சுவர்கூட அங்கே மெல்லிய கோடாக வளைந்து தெரியும். பளபளப்பான வளைபரப்பு எதுவானாலும் அப்படித்தான். ஹெல்மெட்டும் அப்படித்தான். பின்னால் பச்சைத் துணி இருந்தால் ஹெல்மெட்டின் விளிம்பும் தோள்கவசமும் பச்சையாக மின்னும். கம்ப்யூட்டர் அதையும் 'பின்னணி' என்று எண்ணிக் கத்தரித்துவிடும். அதை ஒவ்வொரு ஃபிரேமாகச் சரிசெய்ய வேண்டும்.

அதனால் கிங்-ஓஜர் குழு நிறையக் காட்சிகளுக்கு டோக்கியோவில் சோனி பிசிஎல் நிறுவனத்தின் கியோசுமி-ஷிராகாவா அரங்குக்குப் போனது. அங்கே இருப்பது ஒரு வளைந்த எல்.இ.டி. சுவர். அகலம் சுமார் 15.2 மீட்டர், உயரம் 5.4 மீட்டர். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடைவெளி 1.58 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 3.3 கோடி புள்ளிகள். கோட்டையும் மலையும் அந்தச் சுவரில் ஒளிர, நடிகர் முன்னால் நிற்க, கேமரா இரண்டையும் ஒன்றாகவே பிடிக்கிறது. பிறகு ஒட்ட வேண்டிய வேலை பெருமளவு இல்லை.

'ஓ, பெரிய டி.வி. முன்னால் நிற்க வைத்துவிட்டார்களா' என்று தோன்றும். வெறும் டி.வி.யாக இருந்தால் நம் கண் உடனே கண்டுபிடித்துவிடும். எப்படி என்று பார்க்க ஒரு ஜன்னல் போதும்.

கண்ணாடி ஜன்னல் முன் அரை மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு வெளியே அரை மீட்டரில் ஒரு பூந்தொட்டி இருக்கிறது, 100 மீட்டர் தள்ளி ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் கண்ணாடியில் எங்கே தெரிகின்றனவோ அங்கே ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வையுங்கள். இப்போது தலையை 20 சென்டிமீட்டர் வலப்பக்கம் நகர்த்தி மறுபடி புள்ளி வையுங்கள். பூந்தொட்டியின் புள்ளி 10 சென்டிமீட்டர் வலப்பக்கம் போயிருக்கும். தண்ணீர்த் தொட்டியின் புள்ளி 19.9 சென்டிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட உங்கள் தலை நகர்ந்த தூரம் முழுவதும் போயிருக்கும். கண்ணாடியிலேயே ஒட்டியிருக்கும் தூசி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

பள்ளியில் அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் 'இடமாறு தோற்றப் பிழை' வரும் என்று படித்தோமே, அதேதான் இது. அங்கே பிழை, இங்கே செல்வம். பேருந்தில் போகும்போது நிலா கூடவே வருவதும் இதனால்தான். தூரம் அதிகமாக ஆக, ஜன்னலில் அதன் புள்ளி நம்மோடு முழுதாக நகர்கிறது.

இனி ஜன்னலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எல்.இ.டி. சுவரை வையுங்கள், உங்கள் ஒற்றைக் கண்ணின் இடத்தில் கேமராவை வையுங்கள். வெளியே உண்மையில் ஒன்றும் இல்லை. ஆனால் கேமரா நகரும்போது, வெளியே கோட்டை இருந்திருந்தால் கண்ணாடியில் புள்ளி எங்கே போயிருக்குமோ, அங்கேயே சுவரில் கோட்டையை வரைந்துவிட்டால்? கேமராவால் வித்தியாசம் சொல்லவே முடியாது. கணக்கு பத்தாம் வகுப்பு வடிவொத்த முக்கோணம்தான். கேமராவிலிருந்து சுவருக்கு உள்ள தூரத்தைக் கேமராவிலிருந்து பொருளுக்கு உள்ள தூரத்தால் வகுத்து, 1-லிருந்து கழித்து, கேமரா நகர்ந்த தூரத்தால் பெருக்க வேண்டும். சுவர் 5 மீட்டரில், கோபுரம் 10 மீட்டரில், மலை 5 கிலோமீட்டரில். கேமரா ஒரு மீட்டர் நகர்ந்தால் சுவரில் கோபுரம் 50 சென்டிமீட்டரும் மலை 99.9 சென்டிமீட்டரும் நகர வேண்டும். வாசகி கவனித்த 'ஒரு விதமாகவும் வேறு விதமாகவும்' என்பது இந்த இரண்டு எண்களைத்தான்.

எனக்கு இதைவிடப் பிடித்தது கேமரா முன்னால் போகும்போது நடப்பது. சுவரை நோக்கி 5 மீட்டரிலிருந்து 4 மீட்டருக்குக் கேமரா போனால், சுவரில் அந்த மலை ஐந்தில் நான்கு பங்காகச் சுருங்க வேண்டும். ஆமாம், நெருங்க நெருங்கச் சுவரில் மலையைச் சின்னதாக வரைய வேண்டும்! அப்போதுதான் கேமராவில் மலை அதே அளவில் நிற்கும். நிஜ மலையும் ஒரு மீட்டர் நடந்தால் பெரிதாகிவிடாது அல்லவா. பழைய படங்களில் பின்னணியாக மாட்டிய ஓவியத் திரை போலியாகத் தெரிந்ததற்கு இதுவே காரணம். கேமரா நெருங்கினால் ஓவிய மலையும் சேர்ந்து பெரிதாகிவிடும்.

இதைச் செய்ய, கேமரா எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது, எந்த லென்ஸ் என்பதைக் கருவிகள் ஓயாமல் அளந்துகொண்டே இருக்கின்றன. அந்த எண்களை வாங்கி, வீடியோ கேம் செய்யப் பயன்படும் அன்ரியல் எஞ்சின் என்ற மென்பொருள் அந்த நொடிக்கான கோட்டையை வரைகிறது. கேமராவின் பார்வைக் கூம்பு சுவரில் விழும் அந்த நாற்கரத்துக்குள் மட்டும்தான் இந்தத் துல்லியம். கேமரா திரும்பினால் நாற்கரமும் சுவரில் வழுக்கிக்கொண்டே போகும். பக்கத்தில் நிற்பவருக்குப் படம் சாய்ந்து, இழுபட்டு, நாற்கரத்தின் ஓரத்தில் கோட்டை துண்டுபட்டுத் தெரியும். அரங்கில் இத்தனை பேர் இருந்தும், சிக்யூ முழுதாகத் தெரிவது அந்த ஒரு லென்ஸுக்கு மட்டும். கணக்குப் போட்டு வரைவதற்குச் சில ஃபிரேம் நேரம் பிடிப்பதால் கேமராவைச் சட்டென்று வீசித் திருப்பவும் முடியாது, படம் பின்தங்கிவிடும். அதற்காக நாற்கரத்தைத் தேவைக்குக் கொஞ்சம் பெரிதாகவே வைத்துக்கொள்வார்கள்.

நாற்கரத்துக்கு வெளியே இருக்கும் சுவர் வீணா? இல்லை. அது விளக்கு. பனிநாடான கொக்கானின் வெளிறிய வானம் சுவரில் இருந்தால் அந்த நீலவெள்ளை ஒளியே நடிகரின் கன்னத்திலும் தோளிலும் விழும். இங்கே படம் அசையாமல் நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் கேமரா நகர நகர முகத்தின் ஒளியும் அலையும்.

குறைகளும் உண்டு. வெயில்தான் பெரிய குறை. சூரிய ஒளி கிட்டத்தட்ட இணைக்கதிராக வந்து கத்தி போன்ற நிழலை வெட்டும். 15 மீட்டர் அகலச் சுவர் எல்லாப் பக்கமிருந்தும் ஒளியைப் பரப்புவதால் நிழல் கரைந்துவிடும். கிங்-ஓஜரில் பனியும் அந்தியும் அரண்மனை உட்புறமும் கண்ணுக்கு நிறைவாக இருக்க, உச்சிவெயில் காட்சிகள் வீடியோ கேம் போல எனக்குத் தெரிந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். அப்புறம் மொய்ரே. இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் இல்லாத அலைக்கோலம் ஒன்று தெரியுமே, சுவரின் புள்ளி வரிசையும் கேமரா சென்சாரின் புள்ளி வரிசையும் அதே வேலையைச் செய்யும். அதனால் சுவரில் நேராக ஃபோகஸ் வைக்க மாட்டார்கள், நடிகரையும் சுவரை ஒட்டி நிறுத்த மாட்டார்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒல்லியான அலைநீளப் பட்டைகளால் ஆன ஒளியில் தோல் நிறம் சரியாக வராது என்பதால் முகத்துக்குத் தனி விளக்கும் வேண்டும். முக்கியமாக, இந்தச் சுவருக்கு முன்னால் இவாஃபுனே மலை அளவுக்கு வெடி வைக்க முடியாது. அந்தப் புழுதியும் நெருப்பும் இந்தத் தொடரில் குறைந்துபோனதை நான் உண்மையிலேயே வருத்தத்தோடு சொல்கிறேன்.

அந்த மூன்று நிறங்களில் நீலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. சிவப்பு எல்.இ.டி. 1960-களிலேயே வந்துவிட்டது. நீலம் வரவில்லை. நீல ஒளிக்கு ஏற்ற காலியம் நைட்ரைடு என்ற பொருளில் நல்ல படிகம் வளர்க்க முடியாது என்று பலர் கைவிட்ட பிறகும், நகோயா பல்கலைக்கழகத்தில் இசாமு அகசாகி அதை விடவில்லை. அவரும் மாணவர் ஹிரோஷி அமானோவும் நல்ல படிகத்தை 1986-இல் வளர்த்தார்கள். தோகுஷிமாவில் ஒரு வேதிப்பொருள் நிறுவனத்தில் இருந்த ஷுஜி நகமுரா 1993-இல் பிரகாசமான நீல எல்.இ.டி.யைக் கொண்டுவந்தார். 2014-இல் மூவருக்கும் நோபல். அகசாகி இந்தப் பொருளில் இறங்கியது 1970-களில். அன்று ஒரு குழு உட்கார்ந்து 'மூன்று ஆண்டில் என்ன பலன்?' என்று கேட்டு நிதியை நிறுத்தியிருந்தால் இந்தச் சுவர் இல்லை, பல போன்களின் திரையும் இப்படி இல்லை. ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறவர்கள் பலனைக் கேட்கலாம். ஆனால் படிகம் வளரும் வேகத்தில் பொறுமையும் தர வேண்டும். நம் நாட்டிலும் இதைத்தான் எதிர்பார்க்கிறேன்.

தொடருக்கு வருகிறேன். தோயே இந்தச் சுவரைச் செலவைக் குறைக்கும் குறுக்குவழியாக மட்டும் பயன்படுத்தியிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஐந்து ராஜாக்கள் ஐந்து விதமாக யோசிப்பதுதான் கதை. அந்த ஐந்து யோசனைகளுக்கும் ஐந்து விதமான ஒளி கிடைத்திருக்கிறது. நீதிபதி ரீட்டா கழுத்துவரை மூடிய உடையில் ஒரு வார்த்தை பேசாமல் நிற்கும்போது, அந்த ஆளின் குளிர் நமக்கும் உறைக்கிறது. பச்சைத் துணிக்கு முன்னால் நின்ற நடிகருக்கு எந்தப் பக்கம் பனி, எந்தப் பக்கம் வாசல் என்று தெரியாது. இங்கே திரும்பிப் பார்த்தால் பனி இருக்கிறது.

அந்தப் பையனுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உருமாறிய பிறகு நாயகன் அசையாமல் நிற்கும் காட்சி ஒன்றில் படத்தை நிறுத்தி, ஹெல்மெட்டின் விளிம்பை மட்டும் பெரிதாக்கிப் பார்க்கட்டும். சொம்பின் விளிம்பில் தெரிந்த சுவர் போல, அங்கே நூல் அகலத்துக்கு வானத்தின் நிறம் ஒன்று வளைந்து போனால், அந்தக் காட்சி சுவருக்கு முன்னால் எடுத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். எந்தப் பாகத்தில் கண்டுபிடித்தான் என்று எனக்கும் எழுதச் சொல்லுங்கள்.