தாசில்தார் சொன்ன வார்த்தையை எந்தக் கோர்ட்டில் காட்டுவேன்?

போன வாரம் சென்னையின் ஆற்றங்கரைக் குடியிருப்பு ஒன்றிலிருந்து ஒரு அக்கா வந்தார். கட்டைப்பையில் ரேஷன் கார்டு, கரண்ட் பில், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ், எல்லாவற்றையும் லேமினேட் செய்து வைத்திருந்தார்.

"எட்டு மாசம் முன்னாடி ரோட்ல உட்கார்ந்தோம் வக்கீலம்மா. அதிகாரி வந்து, பக்கத்துலயே வீடு தர்றோம், அதுவரைக்கும் கை வைக்க மாட்டோம்னு சொன்னாரு. எந்திரிச்சு வந்துட்டோம்."

எழுதிக் கொடுத்தாரா என்று கேட்டேன். செல்போனை நீட்டினார். அதிகாரி கும்பிட்டபடி நிற்கும் போட்டோ. அவர் மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது நகரத்தின் தெற்கு விளிம்பில் இருக்கும் பெரும்பாக்கத்தில் ஒதுக்கீடு என்கிறார்கள், இடிக்கத் தேதியும் குறித்தாயிற்று.

இந்த ஆண்டு இதே கதையோடு என்னிடம் வந்த நான்காவது பகுதி இது.

அந்த அதிகாரி பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். மறியலைக் கலைப்பது அன்றைக்கு அவர் வேலை, அதைச் செய்தார். ஆனால் அரசு என்றால் ஒரே ஆள் என்று நினைத்துக்கொண்டு நாம் பேசுகிறோமே, அங்கேதான் ஏமாறுகிறோம். பேச வருகிற தாசில்தார் வருவாய்த்துறை. ஆற்றங்கரை நீர்வளத்துறையிடம். இடிக்க வருவது மாநகராட்சியாக இருக்கும். மாற்று வீடு வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் கையில். வீடு தருகிறேன் என்று தாசில்தார் சொன்னால், அவர் கையில் இல்லாத ஒன்றைத் தருவதாகச் சொல்கிறார். வீடியோ இருக்கிறதே என்பீர்கள். நானும் காட்டியிருக்கிறேன். "அப்படி எந்த உத்தரவாதமும் கோப்பில் இல்லை" என்று அரசு வழக்கறிஞர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் இடித்தபோது ஓர் உயிர் போனது. அதன் பிறகுதான் மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதிகளில் வீடு தரப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அது அவைக்குறிப்பில் இருக்கிறது, ஊர் பெயரோடு. "மாற்று இடம் தருவோம்" என்று மட்டும் சொன்னால் எங்கே என்று கேளுங்கள். 2000இல் நகர விளிம்பில் இருக்கும் கண்ணகி நகர் மறுகுடியமர்வுப் பகுதிக்குப் போனவர்களிடம் விசாரியுங்கள், வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களுக்கு அந்தத் தூரம் என்ன செய்தது என்று.

இன்னொன்று, "பட்டா இல்ல, நாம என்ன பேச முடியும்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைப்பும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கேயே இருக்கலாம் என்று அது சொல்லவில்லை. நோட்டீஸ் தராமல், பதில் சொல்ல வாய்ப்புத் தராமல் அகற்ற முடியாது என்பதற்கு அதுதான் நம் பிடி. ஏரி, குளம் என்று, ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தால் 21 நாள் நோட்டீஸ் உண்டு. அங்கன்வாடிக் கதவில் ஒட்டினதைக் கோபத்தில் கிழித்துப் போட்டுவிட்டு, பத்தொன்பதாம் நாள் இரவு எனக்குப் போன் செய்கிறீர்கள். கிழிக்காதீர்கள். தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள்.

உங்கள் பகுதி 1971ஆம் ஆண்டுக் குடிசைப்பகுதிச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். சென்னையில் அந்த ஆண்டு 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன, 1985இல் மேலும் 17. அதற்குப் பின் வந்தவர்கள் பட்டியலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

குடியிருப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் நாளில் வேலைக்குப் போகாதீர்கள். பெயர் விட்டுப்போனால் சேர்க்க வைப்பது பெரும்பாடு. நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போடவே கூடாது.

சரி, பேச்சுவார்த்தைக்கு வருவோம். எழுந்திருக்கும் முன் கூட்டக்குறிப்பு கேளுங்கள்: தேதி, எந்தெந்தத் துறை, என்ன ஒப்புக்கொண்டார்கள், கையெழுத்து. தர மறுத்தால் சண்டை வேண்டாம். மறுநாளே நீங்கள் எழுதுங்கள். "நேற்று மறியல் இடத்தில் தாங்கள் இன்னின்ன உறுதி அளித்தீர்கள், அதை நம்பிக் கலைந்தோம்" என்று. தாசில்தாருக்கும் கலெக்டருக்கும் வாரியத்துக்கும் ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்பி, அந்த ஒப்புகையை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். மறுத்து அவர்கள் பதில் எழுதாவிட்டால், அந்த மௌனத்தை வைத்து என்னால் வாதாட முடியும்.

அந்த அக்காவுக்காகத் தடை கேட்டு மனு தயாராகிறது. இணைப்புப் பட்டியலில் கரண்ட் பில் இருக்கிறது, பள்ளிச் சான்றிதழ் இருக்கிறது. பேச்சுவார்த்தைக்கு ஆதாரமாக அந்தப் போட்டோ ஒன்றுதான்.