எஸ்டேட்: ஒரு சொல், மூன்று நிலங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே, முன்பு கரும்பைத் தவிர வேறொன்றும் விளையாத ஒரு மேட்டில் வீடுகள் கட்ட ஒரு நிறுவனம் விண்ணப்பித்திருக்கிறது. சுற்றிலும் குடியிருப்போர் எதிர்க்கிறார்கள். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் தங்கிய பாரக்ஸ் வரிசையின் அடிச்சுவர்கள் அந்த மேட்டில் இன்னும் இருக்கின்றன. சற்றுத் தள்ளி, புல்லுக்குள் வரிசையாக நட்ட கற்கள். அவை புதைகுழிகள் என்று சொல்லிக்கொடுக்க அங்கே யாருக்கும் பலகை தேவைப்பட்டதில்லை.

நிறுவனத்தின் அறிவிப்பைக் கோயில் மண்டபத்தில் நான் வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே பக்கத்தில் 'எஸ்டேட்' மூன்று முறை வந்தது: பழைய சர்க்கரை எஸ்டேட், புதிய குடியிருப்பு எஸ்டேட், சட்டம் சொல்லும் தேசிய எஸ்டேட். முன்வரிசையில் இருந்த ஆயா கையை உயர்த்தினார். "எந்த எஸ்டேட்டைச் சொல்கிறாய், தம்பி? என் மாமனார் கரும்பு வெட்டியதா, இனிமேல் வரப்போவதா?" அன்று அவசரமாக ஏதோ சொன்னேன். முழுப் பதிலை இப்போது எழுதுகிறேன்.

இலத்தீன் மொழியில் 'ஸ்தாரே' என்றால் நிற்பது. அதிலிருந்து 'ஸ்தாத்துஸ்', நிற்கும் நிலை. பழைய பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தபோது ஒருவர் சமுதாயத்தில் எந்தப் படியில் நிற்கிறார் என்பதையே குறித்தது. பத்திரிகைத் துறையை ஆங்கிலத்தில் நான்காம் எஸ்டேட் என்பது இந்தப் பொருளில்தான். தமிழில் நாம் அதை நான்காம் தூண் என்கிறோம். ஒருவருடைய படியைத் தீர்மானித்தது அவர் கையில் இருந்த நிலம். ஆகவே காலப்போக்கில் நிலமே எஸ்டேட் ஆயிற்று.

தமிழிலும் இதே பாதை இருக்கிறது என்பதைக் கவனித்தபோது எனக்கு மெய்யாகவே மகிழ்ச்சியாக இருந்தது. நில் என்னும் வினையிலிருந்து நிலை. அதே வேரிலிருந்துதான் நிலம் என்ற சொல்லும் வந்தது என்பது சொல்லாய்வாளர் பலருடைய கருத்து. நிற்க இடம் தருவது நிலம். அதை இழந்தவன் நிலை இழந்தவன்.

தமிழகத்தில் இச்சொல் ஆங்கிலேயர் சட்டங்களோடு நுழைந்தது. ஜமீன்களின் நிலப்பரப்பை அவர்கள் எஸ்டேட் என்றே எழுதினார்கள். 1908ஆம் ஆண்டின் எஸ்டேட் நிலச் சட்டமும், ஜமீன்களை முடித்துவைத்த 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டமும் அந்தப் பொருளில் வந்தவை. தேயிலை, காப்பி, ரப்பர் என்று வந்தபோது அது மலைக்குப் போனது. டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்த நம் முன்னோருக்கோ எஸ்டேட் என்றால் கரும்பு.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு 342 பேருடன் வந்தது. 1911இல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவருவது நிற்பதற்குள் 152,184 பேர் வந்திருந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதல் ஆண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி. கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், தகப்பன் பெயர், ஊர். அதோடு அவரை எடுத்துக்கொண்ட முதலாளியின் அல்லது எஸ்டேட்டின் பெயர். இன்று கொள்ளுப்பேரர்கள் தங்கள் வேரைத் தேடும்போது கையில் கிடைக்கும் முதல் முகவரி அதுதான். இந்தப் பொருளுக்குத் தமிழ்ச் சொல் 'தோட்டம்'. இலங்கையிலும் மலேசியாவிலும் நிலைத்த சொல் அது. வீட்டுக்குப் பின்னால் அவரை படர்ந்த தோட்டத்தோடு குழம்பாமல் இருக்கக் 'கரும்புத் தோட்டம்' என்று முழுதாக எழுதிவிடலாம்.

இரண்டாவது எஸ்டேட் அண்மைக் காலத்தது. கரும்புச் சரிவுகள் கைமாறி, மதில் எழுப்பி, வாயிலில் காவல் வைத்து, நடுவில் கோல்ஃப் திடலோ குளமோ அமைத்து வீடுகள் விற்கப்படுகின்றன. டர்பனுக்கு வடக்கே உள்ள மவுண்ட் எட்ஜ்கோம்ப் இதற்கு நல்ல சாட்சி. கிஸ்தப்பா ரெட்டி அங்கே கட்டிய விநாயகர் கோயில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. ஆலைத் தொழிலாளர்கள் வழிபட்ட இடம். அதே ஊரில் கரும்பு நின்ற நிலத்தில் இன்று கோல்ஃப் எஸ்டேட் இருக்கிறது. வாங்குபவருக்கு அந்தச் சொல்லில் பண்ணையாரின் மிடுக்கு கேட்கிறது. ஆயாவுக்குக் கேட்பது விடியலில் அடிக்கும் வேலை மணி. ஒரே சொல்லின் இரு காதுகள் இவை. திட்ட அறிக்கை எழுதுபவர்கள் இரண்டாவது காதையும் நினைக்க வேண்டும். தமிழில் இதற்கு 'மதில் குடியிருப்பு' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 'மனைத்தொகுதி' என்றால் மதிலும் காவலும் விடுபட்டுப்போகின்றன.

எதிர்ப்பவர்கள் வீடே வேண்டாம் என்பவர்கள் அல்லர். வீடு பறிபோவது என்னவென்று இந்தச் சமூகத்துக்குத் தெரியும். இனத்துக்கு ஓரிடம் என்று ஒதுக்கிய 1950ஆம் ஆண்டின் இனவாரிப் பகுதிச் சட்டம் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து நம்மவரைப் பிடுங்கி எறிந்தது. அறுபதுகளில் இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்தில் வரிசை வீடுகளில் கொண்டுபோய் வைத்தது. இன்றும் கூரைக்குக் காத்திருப்போர் ஏராளம். அவர்களுக்கான வீடுகள் மதிலுக்குள் கட்டப்படவில்லை. புதைகுழிமேல்தான் கட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இனி மூன்றாவது. தென்னாப்பிரிக்காவின் தேசிய மரபு வளச் சட்டம் 1999ஆம் ஆண்டின் 25ஆம் சட்டம். அதன் 3ஆம் பிரிவு, இன்றைய சமூகத்துக்கும் வருங்காலத் தலைமுறைக்கும் பண்பாட்டு மதிப்புள்ளவை அனைத்தும் 'தேசிய எஸ்டேட்டின்' பகுதி என்கிறது. கட்டடம், நிலக்காட்சி, வாய்மொழி மரபு ஒட்டிக்கிடக்கும் இடம், புதைகுழி, அடிமை வரலாறு சார்ந்த இடம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. 60 ஆண்டுக்கு மேற்பட்ட கட்டுமானத்தை அனுமதி இல்லாமல் இடிக்கவோ மாற்றவோ 34ஆம் பிரிவு விடாது. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தின் தன்மையை மாற்றும் திட்டத்தை 38ஆம் பிரிவின்படி மரபுக் காப்பு அமைப்புக்குத் தொடக்கத்திலேயே தெரிவிக்க வேண்டும்.

மண்டபத்தில் நான் இரண்டு முறை வாசித்துக்காட்டியது 36ஆம் பிரிவு. நகராட்சி இடுகாட்டுக்கு வெளியே இருக்கும், 60 ஆண்டு கடந்த புதைகுழியைத் தொட அனுமதி வேண்டும். அனுமதி கேட்பவர், மரபுவழியாக அதில் அக்கறை உள்ள சமூகத்தையும் தனியாட்களையும் தேடிக் கண்டு, கலந்து பேசி, உடன்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும். சட்டம் இங்கே பத்திரம் கேட்கவில்லை. மரபுவழி அக்கறை போதும் என்கிறது. ஆயாவிடம் இருப்பது அதுதான்.

டர்பன் இருக்கும் குவாஜூலு-நேட்டால் மாகாணத்தின் மரபுக் காப்பு அமைப்புக்கு 'அமாஃபா' என்று பெயர். ஜூலு மொழியில் 'இஃபா' என்றால் இறந்தவர் விட்டுச்சென்ற உடைமை. அதன் பன்மை அமாஃபா. நீதிமன்றத் தாள்களில் மறைந்தவரின் சொத்தை 'எஸ்டேட்' என்று எழுதும் வழக்கத்துக்கு மிக நெருங்கிய சொல்.

தமிழில் தேசிய எஸ்டேட்டை எப்படிச் சொல்வது? 'தேசியச் சொத்து' என்று சிலர் எழுதுகிறார்கள். சொத்து என்றால் விற்கலாம், அடகு வைக்கலாம்; ஆகவே அந்தச் சொல் வேண்டாம். 'நாட்டுடைமை' அழகான சொல், ஆனால் வங்கிகளையும் நூல்களையும் அரசு எடுத்துக்கொண்டதால் வேறு பொருளில் உறைந்துவிட்டது. 'பாரம்பரியம்' தமிழக இதழ்களில் பெருவழக்கு; வடமொழிச் சொல்; தலைமுறை தலைமுறையாக வருவது என்ற பொருள் தருகிறது, உடைமை என்ற பொருள் வரவில்லை. இலங்கையர் எழுதும் 'மரபுரிமை' இதைவிட நல்லது. பழைய 'தாயம்' இருக்கிறது. கரிகாலன் அரசுரிமை பெற்றதைப் பட்டினப்பாலை 'உருகெழு தாயம் ஊழின் எய்தி' என்கிறது. இன்றோ தாயம் என்றால் விளையாட்டில் விழும் ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. மேலும் தாயம் தாயாதிகளுக்கு மட்டும் உரியது. ஊர் முழுவதற்கும் உரியதைக் குறிக்க அது போதாது.

நான் தேர்வது 'மரபுடைமை'. தேசிய எஸ்டேட் என்பது நாட்டின் மரபுடைமை. மரபால் உடையது, மரபுக்கு உடையது என இரு வழியும் பொருள் விரிகிறது.

இந்தத் தேர்வுக்கு எனக்குத் துணிவு தந்தது தொல்காப்பியப் பொருளியலின் ஒரு நூற்பா:

தாயத்தின் அடையா ஈயச் செல்லா
வினைவயின் தங்கா வீற்றுக் கொள்ளா
எம்மென வரூஉம் கிழமைத் தோற்றம்
அல்லா ஆயினும் புல்லுவ உளவே

தலைவியின் தோளைத் தோழி 'என் தோள்' என்று சொல்வதற்கு விதி இது. வழிவழியாக வந்ததன்று, கொடுத்துப் பெற்றதன்று, உழைத்து ஈட்டியதன்று, பங்கு பிரித்துக்கொண்டதன்று. ஆனாலும் 'எம்முடையது' என்று சொல்லும் உரிமை ஒன்று பொருந்தும். அகப்பொருளுக்குச் சொன்னதை நிலத்துக்கு நீட்டுகிறேன் என்பதை அறிவேன். ஆனால் அந்த மேட்டைப் பார்த்து 'எங்கள் கற்கள்' என்று அந்தக் குடும்பங்கள் சொல்லும்போது, வேறு எந்தச் சொத்துச் சொல்லும் அந்தக் குரலுக்குப் பொருந்தவில்லை. உழைத்து ஈட்டியதன்று என்ற ஒன்றை மட்டும் இந்த மேட்டுக்குச் சொல்ல முடியாது. அங்கே உழைத்திருக்கிறார்கள்.

எதிர்ப்பு மனுவின் தமிழ்ப் படியில் மூன்று எஸ்டேட்டையும் பிரித்தே எழுதினோம்: "இந்தக் கரும்புத் தோட்டத்தில் எங்கள் முன்னோர் வேலை செய்து இறந்தார்கள். இதன்மேல் மதில் குடியிருப்பு கட்ட நீங்கள் கேட்கிறீர்கள். இது நாட்டின் மரபுடைமை. புதைகுழிகளைப் பற்றிப் பேச எங்களை வந்து பாருங்கள். ஞாயிறு காலையில் நாங்கள் அங்கேதான் புல் வெட்டிக்கொண்டிருப்போம்." கடைசி வாக்கியம் ஆயா சேர்க்கச் சொன்னது.