பாப்பராட்சி: பாத்திரப் பெயர் பொதுச்சொல்லான கதை

பிரபலங்களின் வீட்டு வாசலிலும் ஓட்டல் வாசலிலும் கேமராவுடன் காத்துக் கிடந்து, அவர்கள் இசைவின்றிப் படமெடுத்துப் பத்திரிகைகளுக்கு விற்பவர்களைப் 'பாப்பராட்சி' என்கிறோம். இத்தாலிய மொழியில் இது பன்மை. ஒருவர் என்றால் 'பாப்பராட்சோ'. ஆகவே 'பாப்பராட்சிகள்' என்று எழுதுவது பன்மைக்கு மேல் பன்மை.

சொல்லைத் தந்தது ஒரு திரைக்கதை. ஃபெடரிகோ ஃபெலினி இயக்கி 1960இல் வெளிவந்த 'லா டோல்சே வீட்டா' படத்தில், ரோம் நகரின் வெனெட்டோ வீதியில் பிரபலங்களைத் துரத்தும் புகைப்படக்காரனின் பெயர் பாப்பராட்சோ. ரிமினியில் 1920இல் பிறந்த ஃபெலினி, இயக்குநராகும் முன்பே கேலிச்சித்திரம் வரைந்தவர்; நகைச்சுவை இதழில் எழுதியவர்; ரோசெலினியின் 'ரோம், திறந்த நகரம்' (1945) படத்தின் திரைக்கதையில் பங்கேற்றவர். நாலு கோட்டில் ஆளைப் பிடித்துவிடும் அந்தக் கை, பெயர் வைப்பதிலும் தெரிகிறது.

பெயர் எங்கிருந்து வந்தது? ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் கிஸ்ஸிங்கின் தென் இத்தாலியப் பயண நூலில் (1901) வரும் விடுதிக்காரரின் பெயர் அது என்றார், திரைக்கதையில் உடன் பணியாற்றிய என்னியோ ஃப்ளயானோ. ஃபெலினியின் காதிலோ அது ரீங்காரமிட்டுச் சுற்றிவந்து கொட்டும் பூச்சியாக ஒலித்தது. நூலில் கிடைத்த பெயரை நிலைக்க வைத்தது அந்த ஓசைதான் என்பது என் எண்ணம்.

படத்தில் ஒரு காட்சி. கணவன் குழந்தைகளைக் கொன்று தானும் இறந்துவிட்டான் என்பதை அறியாமல் ஒரு பெண் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறாள். புகைப்படக்காரர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு படமெடுத்துத் தள்ளுகிறார்கள். தன்னை நடிகை என்று நினைத்துவிட்டார்களோ என அவள் புன்னகையோடு கேட்கிறாள். பார்க்கும் நமக்கு நெஞ்சு பதறுகிறது.

இதனால்தான் பாப்பராட்சியைத் தமிழில் 'மறைந்திருந்து படமெடுப்பவர்' என்று விளக்குவது எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் ஒளியவில்லை, முகத்துக்கு நேரே வருகிறார்கள். 'துரத்திப் படமெடுப்பவர்' ஓரளவு பொருந்தும். ஆனால் ஃபெலினி கேட்ட பூச்சி அதில் இல்லை. ஈ மொய்ப்பதையும் எறும்பு மொய்ப்பதையும் ஆள் மொய்ப்பதையும் ஒரே வினையால் சொல்லும் வசதி தமிழுக்கு இருக்கும்போது, 'மொய்படக்காரர்' என்றே சொல்லலாம். மொய்த்த, மொய்க்கின்ற, மொய்க்கும் படக்காரர் என முக்காலமும் அடங்கிய வினைத்தொகை இது. சுடுசோறு, ஊறுகாய் போல. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் நடுவில் 'ப்' வராது. அதைச் சேர்த்து 'மொய்ப்படக்காரர்' என்று எழுதினால், மொய்ப்பணம் போல, பொருள் கல்யாண வீட்டுக்குப் போய்விடும்.