வதந்தி: பொருளும் வேரும் தமிழும்

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா பக்கம் ஏதாவது நடந்தால், பத்திரிகை வருவதற்கு முன்பே அதே நகரின் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வாட்சாப் குரல்பதிவு சுற்றி வந்துவிடும். பிறகு யாராவது அதிகாரி மறுத்தால், 'வதந்தியை நம்பாதீர்' என்று தலைப்பு வரும். படிப்பவருக்கு வேண்டியது அதற்கும் மேலே: அது பொய்யென்று தெரிந்துவிட்டதா, இன்னும் விசாரிக்கிறார்களா, யார் விசாரித்தது?

வதந்தி வடசொல். 'வத்' என்றால் சொல்லுதல். 'வதந்தி' என்றால் 'சொல்கிறார்கள்'. 'கிம்வதந்தி' என்றும் வடமொழியில் உண்டு: 'என்ன சொல்கிறார்கள்?' இரண்டிலும் சொன்னவருக்குப் பெயரில்லை. பொய் என்ற பொருளும் வேரில் இல்லை. அது வழக்கில் ஏறியது. 'செய்தி'யோ 'செய்' என்ற வினையிலிருந்து பிறந்தது. தொல்காப்பியம் திணைக்குரிய கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, மரம், புள், பறையோடு 'செய்தி'யையும் வைக்கிறது; அங்கே அதன் பொருள் மக்கள் செய்யும் தொழில். நடந்தது செய்தி, யாரோ சொன்னது வதந்தி என்ற வேறுபாடு வேரிலேயே கிடக்கிறது.

பழந்தமிழில் இதற்கு 'அலர்' உண்டு. சிலர் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல், பலரறியப் பரவினால் அலர். திருக்குறளின் 115ஆம் அதிகாரமே அலர் அறிவுறுத்தல்தான். எவ்வளவு அழகான சொல்! ஆனால் அது காதலர் பற்றிய ஊர்ப்பேச்சுக்கு உரியது. வெள்ளம், விலையேற்றம், பள்ளி மூடல் பற்றிய பேச்சுக்குப் பொருந்தாது.

மலாய்க்காரர்கள் 'காபார் ஆஙின்' என்பார்கள், காற்றுச் செய்தி என்று பொருள். நாமும் 'காத்துவாக்குல காதுல விழுந்துச்சு' என்கிறோமே! இங்கே இரு மொழியும் காற்றைத்தான் சாட்சிக்கு அழைக்கின்றன.

மலேசியாவில் 2018இல் பொய்ச் செய்திக்கு எதிராக ஒரு சட்டம் நிறைவேறியது; 2019 இறுதியில் நாடாளுமன்றம் அதை நீக்கியது. ஆனால் உறுதியாகாத பேச்சு எல்லாமே பொய்யாகிவிடாது. நாளை உண்மையென்று தெரிய வரும் பேச்சையும் இன்று 'வதந்தி' என்று ஒதுக்கிவிட்டால், வாசகர் அடுத்த முறை பத்திரிகையைவிடக் குரல்பதிவையே நம்புவார். அந்த இழப்பு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஆகவே 'வதந்தி' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு தமிழ்ச் சொற்களைப் பரிந்துரைக்கிறேன். தெரிந்தே கிளப்பிய பொய் என்றால் 'புரளி'. மூலம் தெரியாமல் பரவுவது என்றால் 'ஊர்ப்பேச்சு'. ஊர்ப்பேச்சையே செய்தியில் எழுதும்போது 'உறுதிப்படாத தகவல்' எனலாம். அப்படி எழுதுகிறவர், எந்தத் துறையிடம் எப்போது கேட்டார், என்ன பதில் வந்தது என்பதையும் அதே வரியில் சேர்த்துவிட வேண்டும். பதில் வரவில்லை என்றால் அதையும் எழுதலாம்.